நூலுக்கு ஓர் இடம், கேள்விக்குப் பல இடம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்துருவம்)



இந்தத் தொடரிலே கவிதை பற்றியும் நாவல் பற்றியும் நாடகம் பற்றியும் பலர் பேசியிருக்கிறார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அவ்வளவு கவர்ச்சியான விடயமன்று. பாடசாலை நூலகத்திலும் ஊர்ப் பொதுநூலகத்திலும் புத்தகங்களைப் பொருள்வாரியாக எப்படி அடுக்குகிறார்கள், அந்த அடுக்கு மாணவருக்கு எவ்வாறு உதவுகிறது, எந்த இடத்திலே உதவாமற் போகிறது என்பதே அது. இது நூலகருடைய வேலையல்லவா, இலக்கியத் தொடரிலே இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். எழுதப்பட்ட நூலுக்கும் அதை வாசிக்கவேண்டிய பிள்ளைக்கும் நடுவிலே நிற்பது இந்த அடுக்குத்தான். தேடி வந்த பிள்ளை "இங்கே ஒன்றும் இல்லை" என்று திரும்பிப் போக, அந்தப் பிள்ளைக்கு வேண்டிய நூல் நாலு முழத்துக்கு அப்பால் அலுமாரிக்குள்ளே இருந்தால், அந்த நூல் இருந்தும் இல்லாததுதான். எழுத்தாளர்களும் கவலைப்படவேண்டிய விடயம் இது.

நான் ஆசிரியனாக இருந்த காலத்திலே பல வருடங்கள் பாடசாலை நூலகத்துக்கும் பொறுப்பாக இருந்தேன். அந்த அனுபவத்திலே முதலிற் கண்டுகொண்டது ஒன்று. வளர்ந்தவர்கள் நூலகத்துக்கு வந்து நூலின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். ஆசிரியரின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். மாணவர்கள் அப்படிக் கேட்பதில்லை. "சேர், தேயிலையைப் பற்றி ஒரு புத்தகம் தாங்கோ", "சேர், கூத்தைப் பற்றி ஏதும் இருக்கோ" என்றுதான் கேட்பார்கள். அவர்களுக்கு நூலின் பெயரும் தெரியாது, ஆசிரியரின் பெயரும் தெரியாது. தெரிந்ததெல்லாம் பொருள் ஒன்றுதான். ஆகவே மாணவர் நூலகம் என்றால் அங்கே பொருள்தான் வாசல்.

அந்த வாசல் எல்லா இடத்திலும் திறந்திருப்பதில்லை. சில இடங்களிலே புத்தகங்கள் உயரப்படி அடுக்கப்பட்டிருக்கும், பார்வைக்கு அழகு. சில இடங்களிலே பதிவேட்டு இலக்கப்படி இருக்கும். வருட முடிவிலே கணக்கெடுக்க வசதி. அன்பளிப்புச் செய்தவரின் பெயர் எழுதிய அலுமாரியிலே அவர் தந்த நூல்கள் மட்டும் இருப்பதும் உண்டு. இவை யாவும் யாரோ ஒருவருக்கு உதவுகின்றன. தேயிலையைப் பற்றிக் கேட்டுவந்த பிள்ளைக்கு மட்டும் உதவுவதில்லை.

பொருள்வாரியாக அடுக்குவது மேல்நாட்டார் நமக்குச் சொல்லித் தந்த வித்தை என்று எண்ணிவிடக்கூடாது. சங்கத் தொகை நூல்களிலே ஒன்றாகிய அகநானூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலே 400 பாடல்கள். 1, 3, 5 என்று ஒற்றை எண் பெற்றவை யாவும் பாலைத்திணைப் பாடல்கள். இரண்டிலும் எட்டிலும் முடியும் எண்கள் குறிஞ்சி. நான்கிலே முடிவன முல்லை. ஆறிலே முடிவன மருதம். பத்து, இருபது, முப்பது என வருவன நெய்தல். இவ்வாறு பாலை 200, குறிஞ்சி 80, முல்லையும் மருதமும் நெய்தலும் 40 வீதம். எண்ணைச் சொன்னவுடனே பாடலின் பொருள் தெரிந்துவிடுகிறது. 146ஆம் பாடலைப் பார்க்காமலே அது மருதம் என்று சொல்லிவிடலாம். நூலின் முதுகிலே ஒட்டியிருக்கும் எண்ணைக் கண்டு அதன் பொருளைச் சொல்லும் இன்றைய நூலகர் செய்வதும் இதையேதான்.

நிகண்டுகள் இன்னும் நெருக்கமான உதாரணம். ஏனெனில் அவை மாணவருக்காகவே ஆனவை. திண்ணைப் பள்ளிக்கூடத்திலே படித்த பிள்ளைகள் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். அதிலே பன்னிரண்டு தொகுதிகள். தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்று உலகத்துச் சொற்களையெல்லாம் பொருள்வாரியாகப் பிரித்து முதற் பத்துத் தொகுதிகளிலே வைத்தார். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒரே சொல் தெய்வத்தையும் குறிக்கலாம், மரத்தையும் குறிக்கலாம். அதை எந்தத் தொகுதியிலே தேடுவது? அதற்காகவே பதினோராவது தொகுதி. ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களையும் ஒரே இடத்திலே கூட்டி, எதுகை வரிசையிலே அடுக்கித் தந்தார். பத்துத் தொகுதிகள் பொருளின்படி பிரிக்கின்றன. பதினோராவது தொகுதி பிரிந்தவற்றை மாணவனுக்காக மீண்டும் கூட்டிவைக்கிறது. இந்தப் பதினோராவது தொகுதியை நேயர்கள் மனத்திலே வைத்துக்கொள்ளவேண்டும். என் பேச்சின் மையம் அதுதான்.

தமிழிலே அச்சான நூல்களைப் பொருள்வாரியாகப் பகுத்து ஜோன் மேர்டொக் என்பார் ஒரு நூற்பட்டியலை 1865ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அதற்குப் பதினொரு வருடம் கழித்து, 1876இலே, அமெரிக்காவிலிருந்து வெறும் 44 பக்கம் கொண்ட சிறு நூலொன்று வெளிவந்தது. அம்ஹேர்ஸ்ட் கல்லூரி நூலகத்திலே வேலை பார்த்த மெல்வில் டூயி என்ற இளைஞர் அதன் ஆசிரியர். அட்டையிலே அவருடைய பெயர்கூட இல்லை. அந்த 44 பக்கந்தான் இன்று டூயி தசாம்சப் பகுப்பு என்ற பெயரிலே உலகம் முழுவதும் வழங்குகிறது. 2011இலே வந்த அதன் 23ஆம் பதிப்பு நான்கு பெருந்தொகுதிகள். இலங்கைப் பாடசாலை நூலகங்களிலும் பொதுநூலகங்களிலும் நாம் காண்பது இந்தப் பகுப்பையே.

டூயி என்ன செய்தார்? அவருக்கு முன்னர் பெரும்பாலான நூலகங்களிலே எண் என்பது அலுமாரிக்குரியது. மூன்றாம் அலுமாரி, இரண்டாம் தட்டு, ஏழாம் நூல் என்பது போல. தட்டு நிறைந்துவிட்டால் எல்லா எண்களையும் மாற்றவேண்டும். டூயி எண்ணை அலுமாரியிலிருந்து கழற்றி நூலுக்குக் கொடுத்தார். அந்த எண் நூலின் பொருளைக் குறித்தது. அலுமாரி மாறலாம், கட்டடம் மாறலாம். நூலின் எண் மாறவேண்டியதில்லை. புதிய நூல் வந்தால் தன் இனத்தோடு போய் இடையிலே நின்றுகொள்ளும்.

கடதாசியும் பேனையும் கையிலே இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அறிவு முழுவதையும் அவர் பத்து வகுப்பாக்கினார். 000 பொது அறிவு நூல்கள், 100 மெய்யியலும் உளவியலும், 200 சமயம், 300 சமூக விஞ்ஞானங்கள், 400 மொழி, 500 தூய விஞ்ஞானம், 600 பிரயோக விஞ்ஞானம், 700 கலைகள், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். ஒவ்வொன்றும் மீண்டும் பத்தாகப் பிரியும். 500க்குள்ளே கணிதம் 510, பௌதிகவியல் 530, இரசாயனவியல் 540. அதுவும் போதாதென்றால் ஒரு தசமப் புள்ளி. அதன் பிறகு வேண்டிய அளவுக்குப் பிரித்துக்கொண்டே போகலாம். தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. அதன் பின்னே ஒன்றைச் சேர்த்தால் கவிதை, இரண்டைச் சேர்த்தால் நாடகம், மூன்றைச் சேர்த்தால் புனைகதை, நான்கைச் சேர்த்தால் கட்டுரை. இலங்கை வரலாறு 954.93. இப்படி ஒரு பிள்ளை சில எண்களைத் தெரிந்துகொண்டால் நாட்டின் எந்த மூலையிலுள்ள நூலகத்துக்குப் போனாலும் வழி கேளாமல் நடந்துபோகலாம். இது சின்ன வசதியன்று. பதுளையிலே படித்த பிள்ளை மட்டக்களப்புக்கு மாறிப்போனாலும் அதற்குத் தெரிந்த தெருக்கள் அங்கேயும் இருக்கும்.

இந்த ஒழுங்கிலே ஒரு மறைவான படிப்பினையும் உண்டு. ஒரு நூலைத் தேடிப்போன மாணவன் அதன் இரு பக்கத்திலும் உள்ள நூல்களைக் காண்கிறான். தாவரங்கள் 580, விலங்குகள் 590, இரண்டும் அயல். எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு உறவு என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண் கற்றுக்கொள்கிறது. ஆனால் அதற்குப் பிள்ளையை அலுமாரிக்குப் பக்கத்திலே விடவேண்டும். நான் கண்ட ஒரு பாடசாலையிலே எல்லா நூல்களுக்கும் எண் ஒட்டி, அழகாக அடுக்கி, கண்ணாடி அலுமாரியைப் பூட்டித் திறப்பை அலுவலகத்திலே வைத்திருந்தார்கள். பொருள்வாரி அடுக்கு அங்கே யாருக்காக என்று எனக்கு விளங்கவில்லை.

இனிக் குறைகளுக்கு வருவோம். டூயி தாம் வாழ்ந்த உலகத்தை வைத்தே அறிவைப் பங்கிட்டார். சமயத்துக்குரிய 200ஆம் வகுப்பிலே 220 முதல் 280 வரை ஏழு பிரிவுகள் விவிலியத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் போய்விட்டன. உலகத்தின் ஏனைய சமயங்கள் யாவும் 290 என்ற ஒற்றைப் பிரிவுக்குள்ளே நெருங்கி இருக்கவேண்டும். பௌத்தம் 294.3, இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று மூன்று இலக்கம் போதும். இரண்டாயிரம் ஆண்டு இலக்கியமுடைய தமிழோ "ஏனைய மொழிகள்" என்ற 890க்குள்ளே புகுந்து, திராவிட மொழிகளைக் கடந்து, ஆறாவது இலக்கத்திலேதான் தன் பெயரைப் பெறுகிறது. உள்நாட்டு மொழிக்கு முன்னிடம் கொடுத்து எண்ணைச் சுருக்கிக்கொள்ள அத்திட்டமே இடமளிக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். எனவே இது மனம் நோவதற்குரியதாயினும் மாணவனைத் தடுக்கும் பெரிய மதில் இதுவன்று. எண் நீளமானாலும் நூல் கிடைத்துவிடும்.

உண்மையான தடை வேறொன்று. நூல் என்பது ஒரு பொருள். அதை ஒரு நேரத்திலே ஓர் இடத்திலேதான் வைக்கலாம். மாணவனுடைய கேள்வியோ அப்படியன்று. அது பல இடத்திலே கிடக்கும்.

தேயிலையைப் பற்றிக் கேட்ட பிள்ளையிடம் திரும்பிப் போவோம். தேயிலைப் பயிர்ச்செய்கை 633.72. கொழுந்தைத் தொழிற்சாலையிலே பதனிடுவது 663.94. தேயிலை உற்பத்தியின் பொருளாதாரம் 338.17372. தோட்டத் தொழிலாளரின் சம்பளமும் தொழிற்சங்கமும் 331. தோட்டங்கள் தோன்றிய வரலாறு 954.93. இனி அந்த மக்களின் வாழ்வை எழுதிய சி. வி. வேலுப்பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஆங்கிலத்திலே எழுதிய கவிதை ஆங்கிலக் கவிதைகளோடு 821க்குப் போகிறது. தமிழிலே வந்த அவருடைய நாவல் 894.8113க்குப் போகிறது. அவர் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களோ நாட்டார் வழக்காற்றியல் என்று 398க்குப் போகின்றன. ஒரே மனிதர், ஒரே மண்ணைப் பற்றி எழுதியவை, மூன்று அலுமாரிகளிலே. அறையின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை தேயிலை சிதறிக் கிடக்கிறது. ஒரு லயத்திலிருந்து முதன்முதல் உயர்தர வகுப்புக்கு வந்த பிள்ளை 633.72இலே நின்று ஒரு விவசாய நூலைப் புரட்டிவிட்டு, தன் பாட்டியும் தாயும் பட்ட பாட்டை எவரும் எழுதவில்லைப் போலும் என்று எண்ணிப் போய்விட்டால், அந்த நட்டத்தை எந்தப் பதிவேட்டிலே எழுதுவது?

இன்னோர் உதாரணம். நமது உயர்தர வகுப்பிலே நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம். அதைப் படிக்கும் மாணவி கூத்தைப் பற்றித் தேடுகிறாள். கூத்துப் பிரதி நாடக இலக்கியம், 894.8112. அதை ஆடும் முறை அரங்கக் கலை; 792. அதன் பாட்டும் மத்தளமும் இசை, 780களிலே. அது நடக்கும் கோயிற் சடங்கும் ஊர் வழக்கமும் 390களிலே. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களிலே தயாரித்த இராவணேசனின் பிரதி ஓரிடம். பேராசிரியர் மௌனகுருவின் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் என்ற ஆய்வு வேறிடம். களரியிலே ஒன்றாக இருந்த ஆட்டமும் பாட்டும் கதையும் நூலகத்திலே நாலு திசைக்குப் போய்விட்டன.

திருக்குறளை அறவியல் என்று 170இலே வைப்பதா, கவிதை என்று 894.8111இலே வைப்பதா? தேவாரம் சமயமா, இலக்கியமா? சைவசித்தாந்தம் இந்திய மெய்யியலாக 181.4இலே இருக்கவேண்டியதா, சைவ சமயமாக 294.5513இலே இருக்கவேண்டியதா? நூலகர்கள் இவை பற்றி வாதிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எங்கே வைத்தாலும் மற்ற இடத்திலே தேடுபவருக்கு அது இல்லை. இது நூலகரின் கவலையீனமன்று. அடுக்கு என்பதன் இயல்பு.

இந்தச் சிக்கலை ஆழமாக ஆராய்ந்தவர் ஒரு தமிழ்நாட்டவர். சீர்காழியிலே 1892இலே பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இலே சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர். பயிற்சிக்காக லண்டன் சென்றிருந்தபோது ஒரு கடையிலே மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில துண்டுகள், சில ஆணிகள். அவற்றைப் பூட்டினால் பாலமும் ஆகும், பாரந்தூக்கியும் ஆகும். அதுபோல ஒரு பொருளை அதன் கூறுகளாகப் பிரித்து, வேண்டியவாறு பூட்டி எண் அமைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அவ்வாறு பிறந்து 1933இலே நூலாக வெளிவந்ததுதான் கோலன் பகுப்பு. கூறுகளைப் பிரித்துக்காட்ட அவர் ஆண்ட முக்காற்புள்ளியே அதற்குப் பெயராயிற்று. எந்தப் பயிர், அதற்கு என்ன நேர்ந்தது, எந்த இடத்திலே, எந்தக் காலத்திலே என்று அடுக்கடுக்காகக் கேட்டு விடையைச் சேர்ப்பது அவர் முறை. 1931இலே அவர் வகுத்த நூலக விதிகள் ஐந்தின் சாரம், நூல் காப்பதற்கன்று, பயன்படுவதற்கு என்பதும், தேடுபவரின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்பதுமாகும். யாழ்ப்பாணப் பொதுநூலகத்தைத் திட்டமிட்டபோது 1950களிலே ஆலோசனை வழங்கியவரும் அவரே என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

கோலன் பகுப்பு நமது பாடசாலைகளுக்குக் கடினமானது. அதை இங்கே கொண்டுவரவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது அந்தக் கேள்வி கேட்கும் முறையை. ஒரு நூல் கையிலே வந்தால் "இது எந்த அலுமாரிக்கு?" என்ற ஒரு கேள்வியோடு நிறுத்தாமல், "இதைத் தேடி எந்தெந்தப் பிள்ளை வருவான், எந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு வருவான்?" என்றும் கேட்கவேண்டும்.

இந்த இடத்திலேதான் நிகண்டின் பதினோராவது தொகுதியை நினைவுகூரவேண்டும். டூயியும் அதை அறிந்திருந்தார். 1876இலே வந்த அந்தச் சிறு நூலிலேயே ஒரு பொருட்சுட்டியை இணைத்தார். ஒரு சொல்லின் கீழே அது சிதறிக் கிடக்கும் எண்களை அகரவரிசையிலே கூட்டித் தந்தார். அடுக்கைவிட அந்தச் சுட்டியையே அவர் பெரிதாக மதித்தார். நாம் அடுக்கை எடுத்துக்கொண்டோம்; எண்ணை ஒட்டினோம். சுட்டியைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம்.

தமிழ் மாணவருக்குச் சுட்டி இன்னும் அவசியம். ஏனென்றால் நமது நூலகங்களிலே இரண்டு தமிழ் உண்டு. இலங்கையிலே அச்சான நூல் பௌதிகவியல் என்று சொல்லும். தமிழ்நாட்டிலிருந்து வந்த நூல் இயற்பியல் என்று சொல்லும். இங்கே இரசாயனவியல், அங்கே வேதியியல். கச்சான் செய்கை பற்றித் தேடும் வன்னிப் பிள்ளைக்கு நிலக்கடலை என்ற தலைப்புள்ள நூல் கண்ணிலே படாது. பப்பாசிக்கும் பப்பாளிக்கும் இதே கதிதான். "கச்சான்: நிலக்கடலை பார்க்க" என்று ஓர் அட்டை இருந்தால் ஒரு நொடியிலே தீரும் விடயம். எந்தச் சொல்லோடு பிள்ளை வந்தாலும் அந்தச் சொல்லுக்கு வாசலிலே ஒரு வரவேற்பு இருக்கவேண்டும்.

இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. நாங்கள் எங்கள் பாடசாலையிலே சப்பாத்துப் பெட்டியிலேதான் தொடங்கினோம். கடின அட்டையை ஐந்து அங்குல நீளம், மூன்று அங்குல அகலத்திலே வெட்டினோம். ஓர் அட்டைக்கு ஒரு சொல். "கூத்து" என்று மேலே எழுதி, கீழே ஒவ்வொரு வரியிலும் ஓர் எண்ணும் அந்த இடத்திலே என்ன கிடைக்கும் என்ற குறிப்பும். ஒரு நூலின் நடுவிலே ஓர் அதிகாரம் மட்டும் அந்தப் பொருளைப் பேசினால் பக்க எண்ணும் சேர்த்தோம். இது முக்கியம். சிறிய நூலகத்திலே முழு நூல் இல்லாத பொருளுக்கும் ஓர் அதிகாரமாவது இருக்கும். சஞ்சிகையிலே ஒரு கட்டுரையாவது இருக்கும். கட்டுரைத் தொகுதிக்கு முதுகிலே ஓர் எண்தான். அதற்குள்ளே இருக்கும் பதினைந்து பொருள்களுக்கும் சுட்டியைத் தவிர வேறு வாசல் இல்லை.

அட்டைகளை எழுதியவர்கள் மாணவர்களே. நூலகப் பாடவேளையிலே ஆளுக்கொரு நூலைக் கொடுத்து, "இதை யார் தேடுவார்கள், என்ன சொல்லிக் கேட்பார்கள்?" என்று எழுதச் சொன்னேன். பத்தாம் வகுப்புப் பிள்ளையொருவன் மீன்பிடி பற்றிய நூலுக்குக் கரைவலை, தெப்பம், வாடி, கருவாடு என்று எழுதிக்கொண்டு வந்தான். கடற்கரையிலே வளர்ந்தவன். எந்த நூலகக் கையேட்டிலிருந்தும் அந்தச் சொற்களை நான் எடுத்திருக்க முடியாது. நூலை முழுவதும் புரட்டாமல் அப்படி எழுதவும் முடியாது. ஆகவே சுட்டி தயாரிப்பது வாசிப்புப் பயிற்சியாகவும் ஆகிவிட்டது. பாராட்டத்தக்க நேர்த்தி அந்த அட்டைகளிலே இல்லை. எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆனால் மதிய இடைவேளையிலே அந்தப் பெட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள்.

இதற்கு மாறாக, பாடசாலை நூலகத்தைப் பரீட்சைப் பாடங்களின்படியே பிரித்துவிடலாம் என்று சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். விஞ்ஞான அலுமாரி, வரலாற்று அலுமாரி, தமிழ் அலுமாரி என்று வைத்தால் பிள்ளைக்கு இலகு என்பது அவர்கள் வாதம். அதிலே நியாயம் இல்லாமலில்லை. கீழ் வகுப்புகளுக்கு நிற அடையாளமும் பெரிய தலைப்பும் உதவும். ஆனால் பரீட்சைப் பாடத்தின்படி மட்டும் பிரித்த அலுமாரியிலே, பாடத்திட்டத்திலே இல்லாத நூலுக்கு இடமே இருக்காது. பாடத்திட்டம் மாறும்போது அலுமாரியும் செத்துப்போகும். விஞ்ஞானப் பிரிவு மாணவன் நாவல் இருக்கும் பக்கம் திரும்பமாட்டான். நூலகமும் இன்னொரு ரியூசன் வகுப்பாகிவிடும். நூலை அறிவின் ஒழுங்கிலே வைப்போம். பாடத்துக்கும் பரீட்சைக்கும் உரிய வழியைச் சுட்டியிலே காட்டுவோம். நூலுக்கு ஓர் இடம், கேள்விக்குப் பல இடம் என்பது இதுதான்.

இன்று கையிலே தொலைபேசி இருக்கிறதே, சொல்லை அடித்தால் எல்லாம் வந்துவிடுமே என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். தேடும் இயந்திரத்துக்கும் சொல்தான் வேண்டும். கச்சான் என்று அடிப்பவனுக்கு நிலக்கடலை வராமற் போகலாம். ஒரு பொருளுக்கு எத்தனை பெயர், அதற்கு யார் யார் உறவு என்று சுட்டி அட்டையிலே பழகிய பிள்ளை இணையத்திலும் நன்றாகத் தேடுவான். 2005இலே தொடங்கி ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமமாக்கி வரும் நூலகம் வலைத்தளத்துக்குப் போனாலும், ஆயிரக்கணக்கான நூல்களுக்கு நடுவே வழிகாட்டுவது பொருட் பகுப்புத்தான். என். செல்வராஜா 2002ஆம் ஆண்டு முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்ட நூல்தேட்டம், தொகுதிக்கு ஆயிரம் ஈழத்துத் தமிழ் நூல்களைப் பொருள்வாரியாகப் பகுத்துத் தருகிறது. உங்கள் ஊர் நூலகத்திலே அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வாங்கச் சொல்லுங்கள்.

1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் போயின என்று கணக்குச் சொல்கிறோம். அந்தக் கணக்கிலே வராத ஒன்றும் அன்று எரிந்தது. எந்த நூலுக்கு எந்த நூல் அயல், எந்தக் கேள்விக்கு எந்த அலுமாரி என்று பல வருடங்களாக நூலகர்கள் பார்த்துப் பார்த்து அமைத்த ஒழுங்கு அது. கட்டடம் மீண்டும் எழுந்து நூலகம் இயங்குகிறது. புதிய நூல்கள் வந்திருக்கின்றன. ஒழுங்கை மட்டும் அன்பளிப்பாகப் பெறமுடியாது. அதை இருந்து செய்யவேண்டும். பெரிய நூலகத்துக்கும் இது பொருந்தும். ஓர் அலுமாரி மட்டுமுள்ள சனசமூக நிலையத்து வாசிகசாலைக்கும் பொருந்தும்.

நேயர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. நம்மிலே பலர் பாடசாலைகளுக்கு நூல்களை அன்பளிப்புச் செய்கிறோம். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் பெட்டி பெட்டியாகக் கொடுக்கிறோம். அடுத்த முறை கொடுக்கும்போது நூலோடு ஒரு கட்டு வெற்று அட்டையும் கொடுங்கள். இயலுமானால் ஒரு பின்னேரம் அங்கே போய் இருந்து, நீங்கள் கொடுத்த நூலிலே என்னென்ன இருக்கிறது, அதை எந்தப் பிள்ளை எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்கும் என்று பிள்ளைகளோடு சேர்ந்து எழுதுங்கள். எழுத்தாளர்களாக இருப்பவர்கள் தங்கள் நூலின் இறுதியிலே இரண்டு பக்கம் சொல்லடைவு சேர்த்து அச்சிடுங்கள். அந்த இரண்டு பக்கத்தின் வழியாக வரப்போகும் பிள்ளையை நீங்கள் ஒருவேளை காணமாட்டீர்கள். ஆனால் நூல் அந்தப் பிள்ளையைக் கண்டுகொள்ளும்.